எங்கன என்று கேட்ட காகூ

தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு மாடியில் இருப்பவர்கள் அறியாத ஒரு கஷ்டம் உண்டு. மேலே யார் குளித்தாலும், யார் பாத்திரம் கழுவினாலும், கட்டடத்தை விட்டு வெளியே போகும் கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் முதலில் பொங்கி நிற்பது அவர்கள் குளியலறையில்தான். புனேயில், ஹடப்சரில், நாங்கள் சில வருஷம் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அப்படிப்பட்ட வீடு காகூவினுடையது.

மராத்தியில் சித்தியைக் காகூ என்பார்கள். ஊர் வழக்கில் வயதான எந்தப் பெண்மணியும் காகூதான். இவர் மராத்திக்காரர் இல்லை, திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, ஒரு அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது என்பதற்காகத் தரைத்தளத்தில் வீடு வாங்கினார்கள். கட்டடம் முழுக்க அவரைக் காகூ என்று கூப்பிட்டதால், கோயமுத்தூரிலிருந்து வந்த நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய தமிழில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. இந்தியில் மட்டும் ஆண்பால் பெண்பால் எல்லாம் அவர் இஷ்டத்துக்கு வரும்.

நாங்கள் குடிவந்த முதல் மாதம் வீட்டுக்குள் ஒரு நாற்றம். மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்றார் என் கணவர். வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தை ஈரத்தோடு வைத்துவிட்டுப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவளோ, முன்னால் இருந்தவர்கள் வீட்டை வைத்திருந்த லட்சணம் அப்படி என்றாள். மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தபோதுதான், மாடியில் தமிழ்ச் சத்தம் கேட்கிறதே என்று பார்க்க வந்தார் காகூ. குட்டையான உருவம். பருத்திப் புடவையின் கொசுவத்தை ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருந்தார். வாசலில் நின்றபடியே மூக்கைச் சுளித்தார்.

நான் வெட்கத்தோடு, "மேல்வீட்டுக்காரங்க என்னமோ பண்றாங்க போலிருக்குங்க" என்றேன்.

"யாரு பண்ணுதாங்கங்கது இருக்கட்டும். நாத்தம் எங்கன இருந்து வருது? அதப் பாத்தியா?"

பார்க்கவில்லை. காகூ ஒவ்வொரு அறையாக நடந்தார். நாங்கள் பயன்படுத்தாமல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த இரண்டாவது குளியலறைக்குள் போய்ப் பெட்டிகளை நகர்த்தச் சொன்னார். தரையில் தண்ணீர் போகும் சல்லடையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இங்கன யாரும் குளிக்கதில்லையோ?"

"இல்லீங்க."

"அதான். இதுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும்மா. அந்தத் தண்ணிதான் கதவு. அது காஞ்சு போச்சுன்னா கீழ இருக்க காத்து பூரா நேரா உன் வீட்டுக்கு வந்துரும்." ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். "வாரத்துக்கு ஒரு நாள் ஊத்து. போதும்."

மறுநாள் காலை நாற்றம் இல்லை. அதைவிட, மேல்வீட்டுக்காரரோடு சண்டை போட என் கணவர் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த இந்தி வாக்கியங்களுக்கு வேலை இல்லாமல் போனது.

யாரு என்று கேட்க வேண்டிய இடத்தில் எங்கன என்று கேட்பதுதான் காகூ. அவரோடு பழகப் பழக இது எனக்குப் புரிந்தது. சொசைட்டி என்று அங்கே சொல்லும் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டங்களில் நடுவே புகுந்து, "கோன் பாத் மே, பெஹ்லே கஹாங்" என்பார். யாருங்கறதை அப்புறம் பார்க்கலாம், முதலில் எங்கேன்னு சொல்லுங்கள் என்று அர்த்தம். அந்த இந்தியை எல்லோரும் பழித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. காகூ வீட்டுத் தொட்டியில் ஊரார் வீட்டு எண்ணெய் மிதந்தது. சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி ஓடும் எண்ணெய், குழாய்க்குள் போய் ஆறினதும் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். வேறு யாராக இருந்தாலும் ஒவ்வொரு கதவையும் தட்டிக் கேட்டிருப்பார்கள். காகூ பிளம்பரைக் கூப்பிட்டு அடைப்பை எடுக்க வைத்தார். பிறகு மாடிப்படி வளைவில் மூடி போட்ட பெரிய தகர டின் ஒன்றை வைத்துவிட்டு, பொரித்த எண்ணெயை இதில் ஊற்றுங்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அடுத்த பண்டிகைக்கு டின் பாதி நிறைந்திருந்தது. யார் வீட்டு எண்ணெய் என்று அப்போதும் அவர் கேட்கவில்லை.

அடைப்பு வந்த நாட்களில் அவரைப் பார்க்க வேண்டும். குளியலறையில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து, "பானி பந்த் கரோ!" என்று ஒரு சத்தம் போடுவார். மூன்று மாடியிலும் குழாய்கள் நிற்கும். பிறகு கட்டடத்தைச் சுற்றித் தரைக்கடியில் கழிவு வந்து விழும் சேம்பர் குழிகளின் மூடிகளை, ஆளை வைத்துக் கம்பியால் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார்.

"இது நெறஞ்சு நிக்கா, அடுத்தது காஞ்சு கெடக்கா? அப்பம் ரெண்டுக்கும் நடுவுலதான் அடைப்பு. இதுக்கு என்ன படிப்பு வேணும்?" என்பார் என்னிடம். "மேல யாராவது ஃப்ளஷ் பண்ணும்போது என் வீட்டுக் கக்கூஸ் குளக் குளக்னு சத்தம் போட்டா, அடைப்பு வீட்டுக்குள்ள இல்ல, வெளிய இருக்குன்னு அர்த்தம்."

எந்தக் குழாய் எந்தச் சேம்பரில் வந்து விழுகிறது என்று தெரியாதபோது மஞ்சள் கரைத்து ஊற்றச் சொல்வார். முதல் மாடியில் எங்கள் வீட்டில் நான் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். கீழே சேம்பர் ஓரம் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி குனிந்து நிற்பவர், சட்டென்று நிமிர்ந்து கையை ஆட்டுவார். "வந்துட்டு! வந்துட்டு!" வந்தது கழிவுத் தண்ணீர்தான். பேரன் வந்து இறங்கிய மாதிரி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கடைசிச் சேம்பர் ஆழமானது. ஒருமுறை அடைப்பெடுக்க வந்த ஆள் சட்டையைக் கழற்றி அதற்குள் இறங்கப் போனார். சீக்கிரம் முடியட்டும் என்று சொசைட்டி செக்ரட்டரியும் பேசாமல் இருந்தார். காகூ விறுவிறுவென்று போய் அந்த ஆளுக்கும் குழிக்கும் நடுவில் நின்றுகொண்டார். உள்ளே இருக்கும் காற்றில் ஒரு மூச்சு போதும், ஆள் திரும்பி வரமாட்டார் என்றார். தண்ணீர் பீய்ச்சும் மெஷின் வண்டி வர மாலையாகும் என்று சொன்னார்கள். "ஆகட்டும். அதுவரைக்கும் யாரும் குளிக்க வேண்டாம்." வண்டி வரும்வரை குழி ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்ட அந்த ஆளுக்கும் அங்கேயே சாப்பாடு வந்தது.

காகூவின் கணவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள்தான் இருந்தன. கட்டை விரலும் சுண்டு விரலும். அந்த இரண்டு விரலால் டீ டம்ளரைப் பிடித்து அவர் குடிக்கும் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு நாள் காய் நறுக்கியபடி, பேச்சோடு பேச்சாகக் காகூ அதைச் சொன்னார்.

"பிம்ப்ரியில தகடு அடிக்க மெஷின்ல வேல. கை உள்ள போகாம இருக்க ஒரு தடுப்பு உண்டு. அதக் கழத்தி வச்சிருந்தாங்க. இவுங்க விரலு போச்சு. யாரு கழத்துனா, யாரு கழத்தச் சொன்னான்னு விசாரண. இவுங்கள கேட்டாங்க, அவுங்கள கேட்டாங்க, கேட்டுக்கிட்டே இருந்தாங்க. விசாரண நடந்த அத்தன நாளும் மெஷினு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. தடுப்ப மட்டும் யாரும் திருப்பி மாட்டல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இன்னொரு பையன். அவனுக்கு மணிக்கட்டோட போச்சு."

கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கத்திரிக்காய இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டேன்" என்றார். பேச்சு கத்திரிக்காய்க்குப் போய்விட்டது.

ஒரு கோடையில்தான் இந்த அடைப்பு பெரிய விஷயமானது. மாநகராட்சித் தண்ணீர் போதாமல் தினமும் டேங்கர் லாரி வந்துகொண்டிருந்த நேரம். வாரத்துக்கு ஒரு முறையாவது காகூ வீட்டில் கழிவு பொங்கியது. அடைப்பை எடுத்தால் நாலைந்து நாள் சரியாக இருக்கும். மறுபடியும் பொங்கும். காகூ வீட்டுக் குளியலறை வாசலில் நிரந்தரமாகச் செங்கல் போட்டு மிதித்துப் போனார்கள்.

அடைப்பிலிருந்து ஒரு தடவை துணியும் பஞ்சுமாக ஒரு உருண்டை வந்தது. அன்றே சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் செக்ரட்டரி ஒரு செய்தி போட்டார். இரண்டாம் மாடியில் நோயாளி இருக்கும் வீட்டிலிருந்துதான் டயப்பர்கள் குழாய்க்குள் போகின்றன; வாடகைக்கு இருப்பவர்கள் இதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். கீழே வரிசையாகக் கட்டை விரல்கள் முளைத்தன.

அந்த வீட்டில் இருந்தது சோலாப்பூர் பக்கத்துப் பெண். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவைத் தன்னோடு வைத்திருந்தாள். நான் பார்க்கப் போனபோது அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. பால்கனிக்குக் கூட்டிப்போய், செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்த பொட்டலங்களைக் காட்டினாள். குப்பை எடுக்க வரும் பெண்ணிடம் தினமும் கையில் கொடுப்பதாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில இதத்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறேன்" என்றாள் இந்தியில். அதற்குப் பிறகு படிக்கட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இறங்கிப் போக ஆரம்பித்தாள்.

நான் நேராகக் காகூவிடம் போய்ச் சொன்னேன். குழுவில் அவர் பதில் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மொதல்ல எங்கனன்னு கண்டுபிடிப்போம்" என்றார்.

எனக்கு முதல் முறையாக அவர்மேல் கோபம் வந்தது. மேலே ஒருத்தி ஒளிந்து ஒளிந்து நடக்கிறாள், இவர் குழாயைப் பற்றியே பேசுகிறார்.

காகூவின் சந்தேகம் மதில் ஓரத்து அசோக மரத்தின்மேல். வேர் குழாய்க்குள் புகுந்திருக்கும் என்று உறுதியாகச் சொன்னார். தோண்டினார்கள். குழாய் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு வேர்கூட உள்ளே இல்லை. "காகூ, இனிமேலாவது யாருன்னு பேசலாமா?" என்று செக்ரட்டரி எல்லார் முன்னாலும் கேட்டார். காகூவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மரம் இல்ல. வேற எடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்போது அவருடைய மகள் இங்கேதான் இருந்தாள். நாக்பூரில் கல்யாணம் செய்து கொடுத்த பெண். முந்தின வருஷம் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள், திரும்பிப் போகவில்லை. இங்கே ஒரு பேங்கில் வேலை தேடிக்கொண்டாள். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸுக்கு நிற்போம். புனேயில் வளர்ந்தவள், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அம்மா இப்படி இருக்கிறாரே என்று நான் குறைப்பட்டபோது சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி இல்லை.

"உனக்கு இப்பதான் தெரியுது. நான் பெட்டி தூக்கிட்டு வந்தேன்ல, அம்மா கதவு திறந்தா. 'எங்கட்டி வலிக்கு'ன்னு கேட்டா. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. வக்கீல் பாத்தா, ரூம்ல பெயிண்ட் அடிச்சா, எனக்கு புது கட்டில் வாங்குனா. சப் குச். எல்லாம் பண்ணா. ஆனா அவன் என்ன பண்ணான்னு இன்னி வரைக்கும் கேக்கல. ஒரு தடவ, அவன் மேலதான் தப்புன்னு ஒரு தடவ சொல்லிருக்கலாம்ல? எனக்கு கட்டில் வேணாம்டி. அது வேணும்."

பஸ் வந்துவிட்டது. உட்கார இடம் கிடைத்தும் அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.

அந்த வாரம் காகூ வேறொரு பிளம்பரை வரவழைத்தார். நீளமான கேபிளின் நுனியில் சின்னக் கேமராவும் விளக்கும் வைத்திருந்தார் அவர். சேம்பருக்குள் கேபிளை விட்டு, கையில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டே தள்ளினார். குழாயின் உட்சுவர் வட்டமாக நகர்ந்து போனது. கேட்டுக்கு உள்ளே சில அடியில் கேமரா சட்டென்று தண்ணீரில் மூழ்கியது. இன்னும் தள்ளினால் மறுபடி வெளியே வந்தது.

"பைப் பைட் கயா" என்றார் பிளம்பர். குழாய் உட்கார்ந்துவிட்டது.

அந்த இடத்துக்கு மேலே தரைக்கற்கள் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தன. தினமும் டேங்கர் லாரி வந்து நிற்கும் இடம் அது. முழு லாரித் தண்ணீரின் கனம் அமுக்கி அமுக்கி, குழாய் நடுவில் தொய்ந்து போயிருந்தது. சரிவாக ஓட வேண்டிய கழிவு அந்தத் தொய்வில் குளமாகத் தேங்கியது. எது வந்தாலும் அங்கேயே தங்கியது. தோண்டி, அந்தத் துண்டை வெட்டி எடுத்தபோது உள்ளே எல்லார் வீடும் இருந்தது. ஷாம்பு உறைகள், பாத்திரம் தேய்க்கும் நார், குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்தாள்கள், முடி, தரை துடைக்கும் துணிக் கிழிசல்கள். டயப்பர் ஒன்றுகூட இல்லை.

பள்ளத்தில் மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மணல் பரப்பி, ரசமட்டம் வைத்துச் சரிவு பார்த்துப் புதுக் குழாய் போட்டார்கள். மேலே கான்கிரீட் போட்டார்கள். டேங்கர் இனிமேல் தெருவிலேயே நின்று நீளக் குழாயால் தண்ணீர் விட வேண்டும் என்று முடிவானது. அதற்குப் பிறகு அந்தக் கோடை முடியும்வரை அடைப்பே வரவில்லை.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். செக்ரட்டரி கெட்டவர் இல்லை. டேங்கருக்குப் போன் பண்ணிப் பண்ணியே அவருக்கு அந்தக் கோடையில் தொண்டை கட்டியிருந்தது. எல்லோருக்கும் நன்றி சொன்னார். காகூவுக்குத் தனியாகக் கை தட்டச் சொன்னார். எழுந்து போகலாம் என்று நாற்காலிகள் நகர்ந்தன.

"ஒரு நிமிஷம்" என்றார் காகூ. "ரெண்டாம் மாடிப் பொண்ணப் பத்தி அந்த மெசேஜ் எழுதுனது யாரு?"

எழுதியவர் பெயரோடு அது எல்லார் போனிலும் இருந்தது. செக்ரட்டரி சங்கடமாகச் சிரித்தார்.

"காகூ, நீங்களே யாருன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லுவீங்களே."

"பைப் கோ இஜ்ஜத் நஹி ஹோதா" என்றார் காகூ. "உஸ் லட்கி கோ ஹை."

பைப்புக்கு மானம் கிடையாது, அந்தப் பெண்ணுக்கு உண்டு. அந்த இந்தியைக் கேட்டு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்குவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

செக்ரட்டரி கையில் இருந்த காகிதங்களை நாற்காலியில் வைத்துவிட்டு மாடி ஏறினார். அவர் செருப்புச் சத்தம் இரண்டாம் மாடியில் நின்றது. மணி அடித்தது. கதவு திறந்தது. என்ன பேசினார்கள் என்று கீழே கேட்கவில்லை. உள்ளே போனவர் சீக்கிரம் வரவில்லை. வந்தபோது, "அவங்க அப்பாவும் ரயில்வேயாம், என்னை மாதிரியே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, குழுவில் போட வேண்டியதை அங்கேயே நின்று எழுதினார். அந்த வாரத்திலிருந்து நர்ஸ் பெண் எங்களோடு பேசிக்கொண்டே படியிறங்கினாள்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் காகூவின் மகள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"நேத்து மீட்டிங் முடிஞ்சு உள்ள வந்தோம். அம்மா பால் வச்சா அடுப்புல. என்னப் பாத்து, 'அவன் என்னட்டி செஞ்சான்? மொதல்ல இருந்து சொல்லு'ன்னா."

"சொன்னியா?"

"சொன்னேன். அப்பா டிவி ஆஃப் பண்ணாரு. மூணு பேரும் கிச்சன்லயே உக்காந்தோம். பால் பொங்கி வழியுது, அடுப்பெல்லாம் ஓடுது, தரையில சொட்டுது. ஒரு சொட்டு எங்கயாவது ஒழுகுனா ஓடுவால்ல எங்க அம்மா? எந்திரிக்கவே இல்ல. ஹாத் பகட் கே... என் கையப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. நான் எல்லாம் சொல்லி முடிச்சேன்."

"அப்புறம்?"

"'அவன் தப்புதாம்ட்டி'ன்னா." சொல்லிவிட்டு அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூரத்தில் எங்கள் பஸ் திரும்புவது தெரிந்தது. "பாத்திரம் அப்படியே கருகிப் போச்சு. காலைல நான்தான் தேச்சேன். போகவே மாட்டேங்குது" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்தபடி.